ரேடியோ ஸ்கேனர் பழகுவோம்: பினாங்குவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரேடியோ ஸ்கேனர் என்பது பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி, பேச்சு இருக்கும் இடத்தில் நின்று கேட்கவைக்கும் பெட்டி. ஸ்கேனர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது போலீஸ் வாக்கி-டாக்கிதான். அந்த ஆசையோடு வாங்குகிறவர்கள் ஒரே வாரத்தில் பெட்டியை அலமாரிக்குள் போட்டுவிடுவார்கள். மலேசியக் காவல் துறை உள்ளிட்ட அரசு அமைப்புகள் டெட்ரா என்னும் இலக்கமுறை வலையமைப்பில், குறியாக்கம் செய்துதான் பேசுகின்றன. எவ்வளவு விலை கொடுத்து எந்த ஸ்கேனரை வாங்கினாலும் அந்தப் பேச்சு காதில் விழாது. விழவைக்க முயல்வதும் குற்றம். ஆகவே அதை இப்போதே மறந்துவிடலாம்.

மறந்த பிறகும் மிஞ்சுவது ஏராளம். இந்த விஷயத்தில் பினாங்கில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், நடுவில் கொடிமலை, எதிரே நீரிணை. கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கடல் தொலைவு. ஆனால் சிப்பாங், சுபாங் என இரண்டு விமான நிலையங்கள் அருகில் இருக்கின்றன. இந்த வழிகாட்டி பினாங்கை மையமாக வைத்து எழுதப்பட்டது. செய்முறை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன் சட்டம்

இங்கே அடிப்படை, 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம். அதன் 234ஆவது பிரிவு, சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் பிறருடைய தகவல் தொடர்பை இடைமறிப்பதையும், அப்படி அறிந்ததை வெளியிடுவதையும், பயன்படுத்திக்கொள்வதையும் குற்றமாக்குகிறது. இதை ஏதோ ஏட்டில் கிடக்கும் வரி என்று எண்ண வேண்டாம். காதில் விழுந்ததைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கம்தான் இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய ஆபத்து.

வானொலி ஒலிபரப்பு, அமெச்சூர் வானொலி (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசுகிறவர்களுடையது), பொதுமக்களுக்கான 477 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கி ஆகிய மூன்றும் இயல்பிலேயே திறந்தவை. பயிற்சியை அவற்றில் தொடங்குங்கள். கடல், விமான அலைவரிசைகளுக்குப் போகுமுன் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பதிலைப் பத்திரமாக வையுங்கள். பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இராணுவ விமானப் பட்டையை, அதாவது அந்த அலைவரிசைத் தொகுதியை, ஸ்கேனர் தேடாதபடி விலக்கிவிடுங்கள். தளத்தின் வேலியோரம் ஆண்டெனாவும் கேமராவுமாகப் போய் நிற்பது அறிவுள்ள செயல் அல்ல. பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கென 1959 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

கருவியை வாங்கும்போது சிரிம் சான்று முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இணையச் சந்தையில் ‘ஸ்கேனர்’ என்ற பெயரில் விற்கும் பல பெட்டிகள் உண்மையில் பேசவும் கேட்கவும் கூடிய இருவழி வானொலிகள். பாவ்ஃபெங் யுவி-5ஆர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பக்கத்தில் இருக்கும் பொத்தானைத் தவறி அழுத்தினால் போதும், நீங்கள் ஒலிபரப்பத் தொடங்கிவிடுவீர்கள். உரிமம் இல்லாமல் அலைக்கற்றையைப் பயன்படுத்துவது தனிக் குற்றம். தவிர, அதன் தேடும் வேகம் ஆமை வேகம். விமானப் பேச்சுக்குத் தேவையான ஏஎம் முறையும் பொதுவாக அதில் இருப்பதில்லை. கேட்க மட்டுமே ஆசை என்றால், கேட்க மட்டுமே தெரிந்த கருவியை வாங்குங்கள்.

எந்தப் பெட்டி

தொடக்கநிலைக்கு யூனிடென் பிசி125ஏடி, அல்லது அதன் ஐரோப்பிய வடிவமான யுபிசி125எக்ஸ்எல்டி போதும். 500 சேனல்கள், அவை ஐம்பது ஐம்பதாகப் பத்து வங்கிகளில், அதாவது சேனல் தொகுப்புகளில். இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். ஐகாம் ஐசி-ஆர்6 சின்னது, எல்லாப் பட்டையும் பிடிக்கும், ஆனால் பொத்தான் குறைவு என்பதால் பழகுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இலக்கமுறை டிரங்கிங் (பல குழுக்கள் சில சேனல்களை மாறிமாறிப் பகிர்ந்துகொள்ளும் முறை) ஸ்கேனர் என்று மும்மடங்கு, நான்மடங்கு விலையில் விற்பவற்றை இப்போது தொட வேண்டாம். அவற்றின் விலைக்கான வேலை இங்கே இல்லை.

கணினி வைத்திருப்பவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு. தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்ற யுஎஸ்பி குச்சியில் இருக்கும் ஆர்டிஎல்2832யு சில்லு, பொது வானொலியாகவும் வேலை செய்யும் என்பது 2012இல் வெளியே பரவியது. இன்று ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற பெயரில் அதற்கென்றே செய்து விற்கிறார்கள். ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். எஸ்டிஆர்++ போன்ற இலவச மென்பொருளில் அலைகள் திரையில் கோடுகோடாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். படிப்பதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் கையில் எடுத்துக்கொண்டு எஸ்பிளனேடுக்கு நடக்க முடியாது என்பதால், இங்கே கைக்கடக்கமான ஸ்கேனரை வைத்தே சொல்கிறேன்.

ஆண்டெனா

பெட்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஆண்டெனாவுக்கு ஒதுக்குங்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: மலிவான பெட்டியும் நல்ல ஆண்டெனாவும் உயரமான இடமும் இருந்தால், விலையுயர்ந்த பெட்டியையும் அதோடு வரும் ரப்பர் ஆண்டெனாக் குச்சியையும் கீழ்த்தள வீட்டையும் எளிதாக வென்றுவிடும்.

காரணம் இந்த அலைகளின் குணம். நாம் கேட்கப்போகும் 118 முதல் 480 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. எட்டும் தூரத்தைக் கணக்கிட எளிய வாய்பாடு இருக்கிறது. ஆண்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள். இரு முனைக்கும் அப்படிச் செய்து கூட்டினால் கிலோமீட்டர் கிடைக்கும். ஜெலுத்தோங்கில் பதினைந்தாம் மாடி, அதாவது சுமார் 45 மீட்டர் உயரம்: 28 கிலோமீட்டர். கப்பலின் கம்பம் 30 மீட்டர் என்றால் அதற்கு 23. ஆக 51 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் கப்பல், நடுவில் மலையோ கட்டடமோ இல்லாவிட்டால், கேட்க வேண்டும். விமானம் 10,600 மீட்டர் உயரத்தில் பறந்தால் அதன் பங்கு மட்டுமே 420 கிலோமீட்டரைத் தாண்டும். தலைக்குமேல் போகும் விமானி தெளிவாகக் கேட்பதும், அவருக்குத் தரையிலிருந்து பதில் சொல்பவர் கேட்காமல் போவதும் இதனால்தான். புதியவர்கள் பெட்டியில் ஏதோ கோளாறு என்று இங்கேதான் குழம்புவார்கள்.

ஆண்டெனாவின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. 71ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் வரும். விமானப் பட்டைக்கு 56 சென்டிமீட்டர், கடல் பட்டைக்கு 45, அமெச்சூர் 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49, 477க்கு 15. பெட்டியோடு வரும் ரப்பர் குச்சி எல்லாவற்றுக்கும் ஓரளவு, எதற்கும் முழுதாக இல்லை என்ற ரகம். பிஎன்சி என்ற வகை இணைப்பு முனையுள்ள நீட்டும் ஆண்டெனா ஒன்று வாங்கினால், கேட்கும் பட்டைக்கு ஏற்ப நீட்டிச் சுருக்கிக்கொள்ளலாம். அளவுகோலை வைத்து, நீட்டிய குழாயின்மேல் மார்க்கர் பேனாவால் 45, 56 என்று கோடு போட்டுவையுங்கள். எப்போதும் செங்குத்தாகப் பிடியுங்கள். கப்பல், விமானம், வாக்கி-டாக்கி எல்லாம் செங்குத்து ஆண்டெனாவில் ஒலிபரப்புகின்றன. மேசைமேல் படுக்கவைத்த ஸ்கேனர் பாதி செவிடு.

மாடத்தில் நிரந்தரமாக ஒன்று வைக்க விரும்புகிறவர்கள் கையாலேயே செய்யலாம். எஸ்ஓ-239 என்ற ஆண்டெனா இணைப்புச் சாக்கெட் ஒன்று, கெட்டியான செம்புக் கம்பி கொஞ்சம். நடுமுனையில் 45 சென்டிமீட்டர் கம்பியை நிமிர்த்திப் பற்றவையுங்கள். நான்கு மூலைத் துளைகளிலும் 47 சென்டிமீட்டர் கம்பிகளைப் பொருத்தி, குடைக்கம்பிபோல் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். கடல் பட்டைக்கு இது கச்சிதம். விமானத்துக்கும் ஓரளவு ஒத்துழைக்கும். பினாங்கில் உப்புக் காற்று எதையும் விடாது. இணைப்பு முனையில் தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றாவிட்டால் சில மாதங்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். கேபிளை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். மெல்லிய கேபிள் நீள நீள, ஆண்டெனா பிடித்துத் தந்ததை அதுவே தின்றுவிடும்.

இடி. இந்தத் தீபகற்பத்தில் இடியும் மின்னலும் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். வானம் கறுத்ததும் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். வெளியூர் போகும்போதும் அப்படியே.

முதல் மாலை: எஃப்எம், மோட், ஸ்குவெல்ச்

பெட்டியைத் திறந்ததும் தேடத் தொடங்காதீர்கள். மூன்று விஷயங்கள் கைக்குப் பழகாமல் தேடினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அலைவரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மோட் என்பது அந்த அலையில் குரலை ஏற்றியிருக்கும் முறை. ஒலிபரப்பு நிலையங்கள் அகல எஃப்எம், கப்பலும் வாக்கி-டாக்கியும் குறுகிய எஃப்எம், விமானம் ஏஎம். அலைவரிசை சரியாக இருந்தும் மோட் தவறினால் குரல் சப்பையாக, நசுங்கிக் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. நல்ல ஸ்கேனர்கள் பட்டையைப் பார்த்துத் தாமே மோடைத் தேர்ந்துகொள்ளும். ஆனாலும் திரையின் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். உங்கள் பெட்டியில் ஒலிபரப்புப் பட்டை இருந்தால் மின்னல் எஃப்எம்மைத் தேடி வைத்து, மோடை மாற்றி மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் ஒரே நிமிடத்தில் காதுக்குப் புரிந்துவிடும்.

ஸ்குவெல்ச்தான் உயிர்நாடி. யாரும் பேசாதபோது வரும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சலை அடைத்துவைக்கும் கதவு அது. ஆளில்லாத ஓர் அலைவரிசைக்குப் போய் ஸ்குவெல்ச்சை முழுதாகத் திறந்துவிடுங்கள். இரைச்சல் பொழியும். இப்போது மெல்ல மெல்ல மூடுங்கள். ஒரு கட்டத்தில் இரைச்சல் திக்கும்; விட்டுவிட்டுத் துப்பும்; பிறகு சட்டென்று அடங்கும். அடங்கிய இடத்திலிருந்து மயிரிழை மட்டும் கூட்டி நிறுத்துங்கள். அதற்குமேல் போகக் கூடாது. மேலே போகப் போக, தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரல்களுக்கும் சேர்த்துக் கதவை அடைக்கிறீர்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஸ்கேனர் ஒரு சேனலில் நிற்பதா தாண்டுவதா என்று முடிவு செய்வதே ஸ்குவெல்ச் திறந்ததை வைத்துத்தான். அது தளர்ந்திருந்தால் முதல் வெற்றுச் சேனலிலேயே பெட்டி முளையடித்து நின்றுவிடும். இறுகியிருந்தால் பேச்சு நடக்கும் சேனலையும் தாண்டி ஓடிவிடும். ‘ஒன்றுமே கேட்கவில்லை’ என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இங்கே தீர்ந்துபோகும்.

பத்துச் சேனல், அதற்குமேல் வேண்டாம்

500 இடம் இருக்கிறது என்பதற்காக எங்கிருந்தோ ஒரு பட்டியலை இறக்கி நிரப்புவது வீண். முதல் மாதம் அகலக் கால் வைக்காதீர்கள். பெட்டி வட்டமடித்துத் திரும்புவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். எந்த எண் யாருடையது என்பதும் மனதில் தங்காது.

சேமிக்கும் முறை பெட்டிக்குப் பெட்டி மாறினாலும் சாரம் ஒன்றே: ஸ்கேனை நிறுத்து, சேனல் எண்ணைத் தேர்ந்தெடு, அலைவரிசையைப் புள்ளியோடு அடி, உறுதிசெய், பெயர் கொடு. பெயர் கொடுப்பதைத் தவிர்க்காதீர்கள். 156.800 என்று திரையில் வருவதற்கும் ‘கடல் 16’ என்று வருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பிறகு மூன்று அமைப்புகள். முதலாவது தாமதம்: ஒருவர் பேசி முடித்ததும் இரண்டு விநாடி அதே சேனலில் காத்திருக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கேள்வி கேட்கும், பதில் கேட்காது. இரண்டாவது ஒதுக்கல்: ஓயாமல் இரையும் சேனலைத் தற்காலிகமாகத் தாண்டச் சொல்லும் பொத்தான். மூன்றாவது முன்னுரிமை: எங்கே இருந்தாலும் சில விநாடிக்கு ஒருமுறை குறிப்பிட்ட ஒரு சேனலை எட்டிப் பார்க்கச் சொல்வது. கடலோரத்தில் இருப்பவர்கள் அதை 16ஆம் சேனலுக்குக் கொடுங்கள்.

கடல்

என் கணிப்பில் பினாங்கில் ஸ்கேனர் பழக மிகச் சிறந்த பள்ளி கடல் பட்டைதான். சேனல் எண்கள் உலகம் முழுதும் ஒன்று, பேச்சு நிதானம், கேட்ட கப்பலை எஸ்பிளனேடில் நின்று கண்ணாலும் பார்க்கலாம்.

தொடங்க வேண்டிய இடம் 16ஆம் சேனல், 156.800 மெகாஹெர்ட்ஸ். அழைப்புக்கும் ஆபத்துக்கும் உலகப் பொதுவானது. இங்கே நீண்ட உரையாடலை எதிர்பார்க்காதீர்கள். ஒரு கப்பல் துறைமுகத்தை இருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடும், தன் பெயரைச் சொல்லும், பதில் வரும், உடனே ‘கோ டு சேனல்’ என்று ஓர் எண் சொல்லி இருவரும் அங்கே மாறிவிடுவார்கள். அந்த எண்ணைப் பிடிப்பதுதான் பயிற்சி. காகிதத்தில் குறித்துக்கொண்டு நீங்களும் மாறுங்கள். ஒரே வாரத்தில் உங்கள் பகுதிக்கான வேலைச் சேனல்களின் பட்டியல் தானாகவே உருவாகிவிடும். எங்கிருந்தோ இறக்கிய பட்டியலைவிட இது நம்பகமானது.

உடன் சேர்க்க வேண்டியவை: கப்பலுக்குக் கப்பல் பேசும் 6ஆம் சேனல் 156.300, கப்பலை ஓட்டும் மேல்தளத்திலிருந்து இன்னொரு கப்பலின் மேல்தளத்துக்குப் பேசும் 13ஆம் சேனல் 156.650, துறைமுகப் பணிகளுக்குப் பல நாடுகளிலும் புழங்கும் 11, 12, 14 (156.550, 156.600, 156.700). 70ஆம் சேனலான 156.525ஐச் சேர்க்காதீர்கள். அது தானியங்கி இலக்கமுறை அழைப்புக்கு ஒதுக்கப்பட்டது. குரல் வராது, ‘கிர்ர்’ என்று வெட்டும். 161.975, 162.025 இரண்டிலும் கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமாகவே அறிவிக்கும் ஏஐஎஸ் ஓடுகிறது. ஸ்கேனருக்கு அது வெறும் தட்டல் ஒலி, கணினிக்கோ முழு வரைபடம்.

சில சேனல்களில் பாதி உரையாடல் மட்டும் கேட்கும். 20ஆம் சேனலில் கப்பல் 157.000இலும் கரை 161.600இலும் பேசுகின்றன. 4.6 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. இரண்டையும் அடுத்தடுத்துச் சேமித்தால் கேள்வியும் பதிலும் கிடைக்கும்.

மாலுமிகளின் ஆங்கிலம் முதலில் புரியாது. இந்தியர், சீனர், பிலிப்பினோ, இந்தோனேசியர் என ஒவ்வொருவருக்கும் ஒரு நடை. ஆனால் அவர்கள் சொல்லும் சொற்கள் குறைவு: வேகம், திசை, நங்கூரம், பைலட் (துறைமுகத்துக்குள் வழிகாட்டுபவர்) ஏறும் இடம், நேரம். சில நாள்கள் காதைக் கொடுத்தால் போதும். ‘செக்யூரிதே’ என்று மூன்று முறை தொடங்கினால் அது பாதுகாப்பு அறிவிப்பு, ‘பான் பான்’ அவசரம், ‘மேடே’ உயிராபத்து. மேடே கேட்டால் இருப்பிடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். யாரும் பதில் சொல்வதாகத் தெரியவில்லை என்றால் 999ஐ அழையுங்கள். இது ஒன்றில் மட்டும் ‘நமக்கென்ன’ என்று இருக்கக் கூடாது.

கடலலை படுத்திருக்கும் காலையில் நீரிணைமேல் வெப்பக் காற்று அடுக்கு உருவாகி, நேர்கோட்டு விதியை மீறி அலைகள் வெகுதூரம் ஊர்ந்து வருவதுண்டு. அப்படிப்பட்ட நாளில் சுமத்ராவின் எஃப்எம் நிலையங்களும் எட்டிப் பார்க்கலாம். பெட்டி திடீரென்று நல்லதாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

விமானம்

118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ், ஏஎம், 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. எல்லாரும் எஃப்எம்முக்கு மாறிய பிறகும் விமானம் ஏஎம்மில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவர் குரல் மற்றவரை முழுக்க விழுங்கிவிடும். ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சிடும். இன்னொருவரும் அழைக்கிறார் என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும்.

அலைவரிசைகளை இணையத்தில் யாரோ எழுதிவைத்ததிலிருந்து எடுக்காதீர்கள். மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம் ஏஐபி என்ற அதிகாரபூர்வத் தொகுப்பை வெளியிடுகிறது. அதில் பினாங்கின் குறி டபிள்யூஎம்கேபி, சிப்பாங் டபிள்யூஎம்கேகே, சுபாங் டபிள்யூஎம்எஸ்ஏ. ஒவ்வொன்றிலும் ஏடி 2.18 என்ற பகுதியைப் பாருங்கள்; கட்டுப்பாட்டுக் கோபுரம், தரை, இறங்க நெருங்கும் விமானங்களுக்கான அணுகல் என எல்லாம் அட்டவணையாக இருக்கும்.

முதலில் ஏடிஐஎஸ் என்ற தானியங்கி அறிவிப்பைப் பிடியுங்கள். ஓயாமல் சுழலும் பதிவு அது: காற்று, பார்வைத் தொலைவு, அழுத்தம், எந்த ஓடுபாதை. அது கேட்டால் உங்கள் ஆண்டெனாவும் இடமும் சரி. கேட்காவிட்டால் மாடிக்கு ஏறுங்கள். பினாங்கின் ஓடுபாதை ஒன்றே. இரு முனைக்கும் இரு எண்: 04, 22. எண்ணோடு ஒரு சுழியம் சேர்த்தால் பாகை. 04 என்றால் விமானம் 40 பாகை நோக்கி, அதாவது தென்மேற்கிலிருந்து வந்து இறங்குகிறது. 22 என்றால் வடகிழக்கிலிருந்து, பாலம் இருக்கும் பக்கமாக வருகிறது. பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கும்போது தலைக்குமேல் விமானம் தாழப் போனால், கோபுரம் என்ன சொல்லிக்கொண்டிருக்கும் என்று இனி உங்களுக்குத் தெரியும்.

பேச்சின் அமைப்பு இறுக்கமானது. ‘ரெட் கேப்... ரன்வே ஸீரோ ஃபோர், கிளியர்ட் டு லேண்ட்’ என்று கோபுரம் சொல்லும். அதே சொற்களை விமானி திருப்பிச் சொல்லி, கடைசியில் தன் அழைப்புப் பெயரைச் சேர்ப்பார். ஒருமுறை தவறவிட்டாலும் மறுமுறை கிடைக்கும் என்பது கேட்பவருக்கு வசதி. அழைப்புப் பெயர் நிறுவனத்தின் பெயராகவே இருக்கும் என்பதில்லை. ஏர்ஏசியா ‘ரெட் கேப்’, மலேசியா ஏர்லைன்ஸ் ‘மலேசியன்’, ஸ்கூட் ‘ஸ்கூட்டர்’. 2024 டிசம்பரில் சென்னை-பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கிய இண்டிகோவுக்கு ‘ஐஃப்ளை’. எண்களில் மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்வார்கள். இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோல் ஒலிக்கும் என்பதால் வந்த வழக்கம்.

121.500 உலகப் பொது ஆபத்து அலைவரிசை. பெரும்பாலும் மௌனம்தான், இருந்தாலும் ஒரு சேனல் அதற்கு இருக்கட்டும்.

477ம் அமெச்சூரும்

தனி உரிமம் இல்லாமலே பொதுமக்கள் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட வாக்கி-டாக்கிகள் 477.0125 முதல் 477.4875 வரை, 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 39 சேனல்களில் பேசுகின்றன. உணவகம், கட்டுமானத் தளம், வாகன அணிவகுப்பு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் போனால், எந்தப் பந்தலில் மோர் தீர்ந்தது என்பதுகூடக் காதில் விழக்கூடும். சுவாரசியம் அவ்வளவுதான். ஸ்கேன் வேகத்தையும் தாமத அமைப்பையும் பழகுவதற்கு நல்ல களம் என்பதால் சொல்கிறேன்.

அமெச்சூர் வானொலி வேறு ரகம். 144 முதல் 148 வரையும், 430 முதல் 440 வரையும் தேடுங்கள். தீபகற்பத்தில் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும். மலைமேல் வைத்த ரிப்பீட்டர் ஒருவரின் குரலை வாங்கி வேறோர் அலைவரிசையில் பரப்பும். நீங்கள் அந்த வெளியீட்டை மட்டும் சேமித்தால் போதும். ‘டோன் எத்தனை’ என்று அவர்கள் பேசிக்கொள்வது ரிப்பீட்டரைத் திறப்பதற்கு. கேட்பதற்கு அது வேண்டியதில்லை. இவர்கள் கேட்கப்படுவதை விரும்புகிறவர்கள்.

தேடும்போது வரும் தொல்லைகள்

சேனல்கள் பழகிய பிறகு ‘சர்ச்’ முறைக்கு வாருங்கள். 156 முதல் 162 வரை என எல்லை கொடுத்தால் பெட்டி படிப்படியாக ஏறித் தேடும். அப்போது மூன்று போலிகள் ஏமாற்றும்.

பெட்டி தனக்குள்ளேயே உண்டாக்கும் ஊளை ஒன்று. ஆண்டெனாவைக் கழற்றுங்கள், அப்போதும் கேட்டால் அது பெட்டியின் சொந்தச் சரக்கு, ஒதுக்கிவிடலாம். இரண்டாவது வீட்டு இரைச்சல்: மலிவான எல்இடி விளக்கு, கைப்பேசி மின்னேற்றி. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துப் பிடிக்க வேண்டும். மூன்றாவது, விமானப் பட்டையில் திடீரென்று சினிமாப் பாட்டு. குனோங் ஜெராய், கொடிமலைக் கோபுரங்களிலிருந்து வரும் வலுவான எஃப்எம் ஒலிபரப்பு, பெட்டியின் முன்பகுதியைத் திணறடித்துத் தவறான இடத்தில் தலைகாட்டுகிறது. கோலாலம்பூரில் கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. எஃப்எம் தடுப்பு வடிப்பான் ஒன்றை ஆண்டெனாவுக்கும் பெட்டிக்கும் நடுவே செருகினால் அடங்கும். பெரிய ஆண்டெனா வைத்ததும் நிலைமை மோசமானால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பதிவேடு

ஒரு பள்ளி நோட்டு போதும். அலைவரிசை, மோட், நேரம், எவ்வகைச் சேவை, ஒலி எவ்வளவு தெளிவு, ஆண்டெனா எங்கே இருந்தது. யார் என்ன பேசினார் என்பதை எழுதாதீர்கள். அது உங்களுக்கும் தேவையில்லை, சட்டத்துக்கும் பிடிக்காது. நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதிப் பழகுங்கள். விமானமும் கப்பலும் அதையே பயன்படுத்துகின்றன. நம் கடிகாரத்திலிருந்து எட்டு மணி நேரத்தைக் கழித்தால் சரி. இரண்டு மாத ஏட்டைப் புரட்டினால் எந்தச் சேனல் எந்தப் பொழுதில் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். அதன்படி வங்கிகளைப் பிரியுங்கள்: ஒன்றில் கடல், ஒன்றில் விமானம், ஒன்றில் அமெச்சூர். அப்போது 500 சேனலைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது

கேட்டுக்கேட்டுப் பேச ஆசை வந்தால், நேர்வழி அமெச்சூர் உரிமம். பி வகுப்புத் தேர்வைத் தொடர்பு பல்லூடக ஆணையம் நடத்துகிறது. அடிப்படை மின்னியலும் விதிமுறைகளும்தான் பாடம். 1952இல் தோன்றிய மார்ட்ஸ் என்ற மலேசிய அமெச்சூர் வானொலிச் சங்கம் வழிகாட்டும். இந்தக் கட்டுரையில் உள்ள ஆண்டெனாக் கணக்கும் மோட் வித்தியாசமும் அந்தத் தேர்வுக்கும் உதவும்.

இப்போதைக்கு ஒரு சேனலைக் காலியாக விட்டிருந்தால் அதில் 145.800ஐ, குறுகிய எஃப்எம்மில், போட்டுவையுங்கள். அனைத்துலக விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் குரல் அலைவரிசை அது. 2007இல் அங்கே சென்ற மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் 9டபிள்யூ2எம்யூஎஸ் என்ற அழைப்புக்குறியோடுதான் போனார். நிலையம் பினாங்குக்கு மேலே வரும் நேரத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒருமுறை கடக்க அதிகம் போனால் பத்து நிமிடம். வேகத்தால் அலைவரிசை மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலும் கீழும் நகரும். 5 கிலோஹெர்ட்ஸ் படியில் நகரும் பெட்டி என்றால், தொடக்கத்தில் 145.805, நேர்மேலே வரும்போது 145.800, இறங்கும்போது 145.795 என மூன்று சேனல்களாகச் சேமித்துவிட்டால் கையால் திருக வேண்டிய தொல்லை இல்லை. எல்லா முறையும் பேச்சு இருக்காது. பள்ளி மாணவர்களோடு உரையாடல் ஏற்பாடாகியிருக்கும் நாள்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள்.